பேக்கர் பாஷாவும் நான்கு அவுன்ஸ் குண்டும்

துவக்கு ரவைகளின் பெயர்களை யாழ்ப்பாணத்தவர் எவரும் விரும்பிக் கற்றதில்லை. 1987 ஒக்டோபரில் கொக்குவில் இந்துக் கல்லூரியில் தஞ்சம் புகுந்திருந்த மக்கள் மீது எறிகணைகள் வந்து விழுந்த காலத்திலும் அதற்குப் பின் வந்த ஆண்டுகளிலும், ஓசையைக் கேட்ட மாத்திரத்தில் இன்ன ஆயுதம் என்று சொல்லும் தேர்ச்சி எங்கள் ஊர்ச் சிறுவர்களுக்கும் வாய்த்திருந்தது. அந்தப் பெயர்ப் பட்டியலில் மிகப் பழையது பொலிஸாரின் தோளில் தொங்கிய முந்நூற்று மூன்று. அதன் வம்சாவளியைப் பின்னோக்கித் தேடிச் செல்பவர் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்துப் பட்டறையொன்றின் வாசலுக்கு வந்து சேர்வார். அதே பட்டறையில்தான், இலங்கைக் காட்டு யானைகளை அதிரவைத்த இராட்சதத் துவக்கொன்றும் உருவானது. அதனைச் சொல்லிச் செய்வித்தவர் சாமுவேல் வைட் பேக்கர். ஹோர்ட்டன் சமவெளிக்குச் சுற்றுலாப் போகிறவர்கள் பேக்கர் நீர்வீழ்ச்சியின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்களே, அந்தப் பேக்கர்தான்.

நைல் நதியின் ஊற்றைத் தேடிய பயணி, எகிப்தின் பாஷா, நுவரெலியாவைக் குடியேற்ற நகரமாக்கியவர் எனப் பல முகங்களில் அவர் அறியப்படுகிறார். எனினும் அவருடைய வாழ்க்கை முழுவதையும் ஒரே நூலில் கோத்துச் சொல்ல வேண்டுமானால், அந்த நூல் ஈயக் குண்டுதான் எனத் தோன்றுகிறது. பத்தொன்பது வயதில் அவர் கிறுக்கிய வரைபடமும் அறுபத்தொன்பதாவது வயதில் வெளியிட்ட நூலும் அதைப் பற்றியனவே.

1821 ஜூன் 8 ஆம் திகதி லண்டனில் அவர் பிறந்தார். தந்தை பெரு வணிகர். ஜமெய்க்காவிலும் மொறீசியஸிலும் இருந்த கரும்புத் தோட்டங்களால் செழித்த குடும்பம் அது. அத்தோட்டங்களில் அடிமைகளே வேலை செய்தனர் என்பதை இவ்விடத்தில் மனங்கொள்ளுதல் வேண்டும். பின்னாளில் அடிமை வணிகத்தை ஒழிக்க வாளெடுத்தவர் என்று புகழப்பட்ட மனிதரின் முதற் செல்வம் அங்கிருந்து வந்தது.

அக்காலத்து வேட்டைத் துவக்குகளில் பெரும்பாலானவை உருண்டைக் குண்டைச் சுட்டன. குழாயின் பருமனை அளக்கும் முறையும் அதிலிருந்தே வந்தது. ஓர் இறாத்தல் ஈயத்தில் அக்குழாய்க்குப் பொருந்தும் குண்டுகள் எத்தனை வார்க்கலாம் என்பதே இலக்கம். இன்றும் 12 போர் என்று நாம் சொல்லும்போது, இறாத்தலுக்குப் பன்னிரண்டு குண்டு என்ற அந்தப் பழைய கணக்கையே சொல்கிறோம். இலக்கம் குறையக் குறையக் குண்டு பெருக்கும். 1840 இல், இளைஞர் பேக்கர் தாமே திட்டமிட்ட துவக்கொன்றைச் செய்து தருமாறு பிரிஸ்டலின் ஜோர்ஜ் கிப்ஸிடம் கேட்டார். நிறை 21 இறாத்தல், அதாவது ஏறத்தாழ ஒன்பதரைக் கிலோ. குழாயின் நீளம் 36 அங்குலம். உள்ளே இரண்டு தவாளிப்புகள், அவை குழாயின் நீளத்தில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றும். இடுப்பில் கச்சை கட்டியது போன்ற வளையமுள்ள மூன்று அவுன்ஸ் உருண்டைக் குண்டு. அல்லது நான்கு அவுன்ஸ் கூம்புக் குண்டு. அதனைத் தள்ளுவதற்கு ஓர் அவுன்ஸ் கறுப்பு வெடிமருந்து. நான்கு அவுன்ஸ் என்றால் 113 கிராம் ஈயம். இன்றைய இராணுவ ரவையின் தலைக் குண்டு பத்துக் கிராமைத் தாண்டுவது அரிது.

கச்சைக் குண்டு அவருடைய கண்டுபிடிப்பன்று. பிரித்தானியப் படையினருக்கு 1837 இல் வழங்கப்பட்ட பிறன்ஸ்விக் துவக்கில் அது ஏற்கெனவே இருந்தது. தவாளிப்பில் கச்சை பொருந்துவதால் குண்டு சுழன்று செல்லும். சுழன்றால் நேராகச் செல்லும். ஆனால் தவாளிப்புள்ள துவக்குக்கு மருந்து குறைவாகவே போட வேண்டும், அதிகம் போட்டால் குண்டு தவாளிப்பைக் கிழித்துக்கொண்டு சுழலாமலே வெளியேறும் என்பது அக்காலத் துவக்குச் செய்வோரின் உறுதியான எண்ணமாக இருந்தது. தவாளிப்பின் அமைப்பைச் சரிசெய்தால் மருந்தைப் பன்மடங்கு கூட்டலாம் என்று பேக்கர் வாதாடினார். கிப்ஸ் செய்து கொடுத்தார். அது சுட்டது. நெடுந்தூரத்துக்கும் நேராகவே சுட்டது. பல்கலைக்கழகம் எதிலும் பொறியியல் பட்டம் பெறாத இளைஞர் ஒருவரின் பிடிவாதம் அத்துறையின் நம்பிக்கையொன்றைத் தகர்த்தது எனலாம்.

1843 இல் பேக்கரும் அவருடைய தம்பி ஜோனும் ஒரே நாளில் அக்காள் தங்கையர் இருவரை மணந்தனர். மொறீசியஸில் தந்தையின் தோட்டத்தில் சில காலம் இருந்துவிட்டு, 1846 இல் பேக்கர் இலங்கைக்கு வந்தார். வந்த நோக்கம் வேட்டையே. நுவரெலியாவில் காய்ச்சலில் கிடந்து தேறிய பின்னர், அந்தக் குளிர்ந்த மலையில் ஆங்கிலேயக் கிராமம் ஒன்றை அமைக்கும் எண்ணம் அவருக்கு உண்டாயிற்று. 1848 இல் குடும்பத்தாரும் கொல்லரும் பண்ணையாட்களும் வேட்டை நாய்களும் உயர்சாதி மாடுகளுமாகக் கப்பலேறி வந்தனர். மாடுகள் பல இறந்தன. உருளைக்கிழங்கைப் பூச்சி தின்றது. பேக்கர் மனம் தளரவில்லை. அங்கே கழித்த ஏழு ஆண்டுகளில் மலைநாட்டு மான் வேட்டையையும் சமவெளி யானை வேட்டையையும் பற்றி இரண்டு நூல்களை எழுதினார்.

மின்னேரியாக் குளக்கரையில் அவருக்கு நேர்ந்த ஆபத்து அந்நூல்களில் புகழ்பெற்றது. காட்டெருமையொன்றைச் சுட்டுக் காயப்படுத்திய நிலையில் அவரிடமும் தம்பியிடமும் குண்டுகள் தீர்ந்துவிட்டன. விலங்கு சில அடி தூரத்தில் முறைத்துக்கொண்டு நின்றது. பேக்கர் சட்டைப்பையிலிருந்த சில்லறை வெள்ளி நாணயங்களைத் துணியில் சுற்றி, இரட்டிப்பு மருந்துக்கு மேல் திணித்துச் சுட்டார். எருமை மயங்கி விழுந்தது. பின்பு எழுந்தும் விட்டது. அதற்குள் சகோதரர் இருவரும் தப்பியோடினர். மொத்தம் மூன்று ஷில்லிங் அளவான சில்லறை. உயிர் அந்த விலைக்கு மீண்டது.

இவ்வனுபவத்தை வேடிக்கைக் கதையாக மட்டும் அவர் எழுதவில்லை. இலேசான துவக்கும் மென்மையான சிறு குண்டும் பெருவிலங்குக்குப் போதா என்பதை அங்கே கற்றதாகக் கருதினார். தூய ஈயம் தடித்த எலும்பில் மோதினால் நசுங்கி நின்றுவிடும். எனவே அதனைக் கடினமாக்க வேண்டும். பலர் வெள்ளீயம் கலந்தனர். அவ்வாறு கலந்தால் குண்டு கடினமாகும், ஆனால் நிறை குறையும். பேக்கர் பிற்காலத்தில் கைக்கொண்ட முறை ஒன்பது பங்கு ஈயத்துக்கு ஒரு பங்கு பாதரசம். பாதரசம் ஈயத்தினும் பாரமானது என்பதால் கடினமும் நிறையும் ஒருங்கே கிடைக்கும். ஆனால் செந்தழலாகக் காய்ச்சிய ஈயப் பானையில் பாதரசத்தைக் கொட்டினால் அது ஆவியாகிப் பறந்துவிடும். ஆகையால் ஓர் அகப்பை ஈயத்தை வெளியே எடுத்து, மூன்று நான்கு குண்டுக்கு வேண்டிய அளவே பாதரசம் சேர்த்து, இரும்புக் கம்பியால் விரைந்து கலக்கி, உடனே அச்சில் வார்க்க வேண்டும். நச்சு ஆவியை நெருக்கமாய் நின்று முகர்ந்தபடி இதைச் செய்த மனிதர் எழுபத்திரண்டு வயது வரை வாழ்ந்தது வியப்புக்குரியது.

இலங்கை யானைகளில் தந்தமுள்ளவை மிகச் சிலவே. ஆதலால் இங்கு நடந்த வேட்டைக்கு வணிக நோக்கம் என்று சொல்வதற்கும் இடமில்லை. பேக்கருக்கு முன்னர் பதுளைப் பகுதியில் அதிகாரியாக இருந்த மேஜர் றொஜர்ஸ் ஆயிரத்து நானூறுக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றவர் எனச் சொல்லப்பட்டது. அவர் 1845 இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். அதனை யானைகளின் சாபம் என்றே மலைநாட்டு மக்கள் பேசிக்கொண்டனர். அரசாங்கமோ யானையைப் பயிரழிக்கும் பூச்சியாகக் கருதித் தலைக்குச் சில ஷில்லிங் வெகுமதி கொடுத்தது. 1848 க்கு முந்திய மூன்று ஆண்டுக்குள் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம் 3,500 யானைகளுக்கு அவ்வெகுமதி பெறப்பட்டதாக எமர்சன் டெனன்ட் பதிவு செய்துள்ளார். அன்றைய வட மாகாணம் வன்னியையும் மன்னாரையும் நுவரகலாவியவையும் உள்ளடக்கியது. அவற்றுள் பெரும்பாலானவற்றைக் கொன்றவை கிப்ஸ் போன்றோரின் விலையுயர்ந்த படைப்புகள் அல்ல. ஊர் மக்களின் சாதாரணத் துவக்குகளே. பேக்கரின் கணக்கு அதன் முன் சிறியது. ஆனால் ஊரவன் வயலுக்காகவும் வெகுமதிக்காகவும் சுட்டான்; பேக்கர் இன்பத்துக்காகச் சுட்டார்.

யானையை அறிந்த மக்கள் இந்நாட்டில் அதற்கு முன்பே இருந்தனர். ஒல்லாந்தர் காலத்தில் வன்னியில் பிடிக்கப்பட்ட யானைகள் ஆனையிறவைக் கடந்து குடாநாட்டுக்குக் கொண்டுவரப்பட்டு, ஊர்காவற்றுறையிலிருந்து கப்பலேறின. கோல்கொண்டாவிலிருந்தும் வங்கத்திலிருந்தும் முஸ்லிம் வணிகர்கள் யாழ்ப்பாணத்துக்கு வந்து அவற்றை விலை பேசினர். கிழக்கிலும் வடகிழக்கிலும் முஸ்லிம் கிராமங்களில் வாழ்ந்த பணிக்கர்கள் மான்தோல், எருமைத்தோல் கயிறுகளைக் கொண்டே காட்டு யானையைப் பின்னங்காலில் சுருக்கிட்டு மரத்தில் கட்டினர். ஏறாவூரின் பெயர் இதில் இன்றும் பேசப்படுகிறது. பேக்கர் இவர்களுடன் காட்டுக்குப் போனவர். உள்ளூர் மக்களைப் பற்றி எழுதும்போது ஏளனம் கலக்காமல் அவரால் எழுத முடிவதில்லை. ஆயினும் முஸ்லிம் யானை பிடிப்போரின் துணிவையும் தடமறியும் திறமையையும் மனமாரப் பாராட்டியிருக்கிறார். நான்கு அவுன்ஸ் குண்டுடன் நிற்பவர், வெறுங்கயிற்றுடன் ஓடுபவனைக் கண்டு வியந்தார்.

1855 இல் பேக்கர் இலங்கையை விட்டு நீங்கினார். ஏழு பிள்ளைகளில் மூவர் இறந்திருந்தனர். அவ்வாண்டு டிசம்பரில், பிரான்ஸின் பிரனீஸ் மலையடிவாரத்தில், மனைவி ஹென்றியேற்றாவும் காய்ச்சலில் மாண்டார். நான்கு பெண் பிள்ளைகளைத் தங்கையிடம் ஒப்படைத்துவிட்டு, சில ஆண்டுகள் நோக்கமின்றித் திரிந்தார். பஞ்சாபின் கடைசி மகாராஜா துலீப் சிங்குடன் வேட்டைக்காக டானியூப் நதி வழியே சென்றபோது, 1859 இன் தொடக்கத்தில், உஸ்மானியர் ஆட்சியிலிருந்த விதின் நகரத்து அடிமைச் சந்தையில் ஓர் இளம்பெண்ணைக் கண்டார். ஏலத்தில் எடுத்தாரா, காவலருக்குக் கையூட்டுக் கொடுத்து அழைத்துச் சென்றாரா என்பதில் இருவிதமான கதைகள் உள்ளன. ஹங்கேரியில் போரில் அநாதையான அப்பெண்ணே புளோரன்ஸ் பேக்கர். 1865 இல் லண்டனில் முறைப்படி மணந்தனர். விக்டோரியா மகாராணி கடைசிவரை அவரை அரண்மனையில் ஏற்கவில்லை. ஆபிரிக்கப் பயணங்கள் அனைத்திலும் அவர் கணவரின் பக்கத்தில் இருந்தார். துவக்குகளுக்கு மருந்து திணித்தும் கொடுத்தார்.

1861 இல் இருவரும் நைலின் ஊற்றைத் தேடிப் புறப்பட்டனர். முதலாண்டு அபிசீனிய எல்லை ஆறுகளில் கழிந்தது. அங்கே ஹம்ரான் அராபியர்களைப் பேக்கர் சந்தித்தார். குதிரையேறி யானையை நெருங்கி, ஒருவன் முன்னே ஓடி அதன் கோபத்தைத் தன்பக்கம் திருப்ப, மற்றவன் பின்னால் பாய்ந்து வாளால் பின்னங்காலின் நரம்பை ஒரே வெட்டில் அறுப்பான். துவக்கு ஏந்திய எந்த வேட்டைக்காரனும் இவர்களுக்கு ஈடல்லன் என்பது பேக்கரின் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பைச் சொன்னவர், தம்முடைய துவக்கை மட்டும் மேலும் பெரிதாக்கினார்.

அதற்குக் காரணம் இருந்தது. இலங்கை யானையை நெற்றியில் சுட்டால் குண்டு மூளையை எட்டும். ஆபிரிக்க யானையின் மண்டையோட்டு அமைப்பு வேறு. நேரெதிரே நின்று நெற்றியில் சுட்டது பலிக்கவில்லை. லண்டனின் ஹொலண்ட் செய்துகொடுத்த துவக்கை அவர் கையிலெடுத்தது இவ்விடத்தில்தான். அது அரை இறாத்தல், அதாவது 227 கிராம் குண்டைச் சுடும். குண்டின் உள்ளே வெடிமருந்து வேறு. குண்டின் வடிவம் பேக்கருடையது. பேக்கர் அதனைக் குழந்தை என்று அழைத்தார். அராபிய ஏவலாளர்கள் தங்கள் மொழியில் பீரங்கியின் பிள்ளை என்று பெயரிட்டனர். சுடும்போது பேக்கர் பம்பரம்போல் சுழன்றார் என்று அவரே எழுதியுள்ளார். அதனைச் சுட அவர் அஞ்சினார். ஆனால் அதனால் சுடப்பட்ட யானை எதுவும் தப்பவில்லை.

இந்த ஹொலண்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஹரிஸ் ஹொலண்ட் துவக்குத் தொழிலாளியாகத் தொடங்கியவரல்லர்; புகையிலை வணிகர். சுருட்டுக் கொட்டில்களில் ஒருவர் பத்திரிகையை உரத்து வாசிக்க மற்றவர்கள் சுருட்டுச் சுற்றிய கொக்குவிலில் இருந்து இதனை எழுதும்போது, புகையிலையிலிருந்து ஒருவர் துவக்குக்குப் போனது ஏனோ மனதில் தைக்கிறது. அவருடைய நிறுவனம் பின்னர் ஹொலண்ட் அன்ட் ஹொலண்ட் என்ற பெயரில், இந்திய சமஸ்தான மன்னர்களும் நவாபுகளும் நாடும் பட்டறையாக வளர்ந்தது.

1864 மார்ச் 14 ஆம் திகதி பேக்கர் தம்பதியர், அப்பகுதி மக்கள் தலைமுறை தலைமுறையாய் அறிந்திருந்த ஏரியொன்றின் கரையை அடைந்து, அதற்கு மகாராணியின் காலஞ்சென்ற கணவர் அல்பேர்ட்டின் பெயரை இட்டனர். புவியியற் கழகத்தின் தங்கப் பதக்கமும் சேர் பட்டமும் வந்தன. 1869 இல் எகிப்தின் கெடிவ் இஸ்மாயில், நைலின் தென்பகுதியை எகிப்துடன் இணைக்கவும் அடிமை வணிகத்தை ஒடுக்கவும் பேக்கரை நான்காண்டுக்கு அமர்த்தினார். ஆண்டுக்குப் பத்தாயிரம் பவுண் ஊதியம், பாஷா என்ற பட்டம், மேஜர் ஜெனரல் பதவி. அவருடைய தம்பி வலன்டைனும் பிற்காலத்தில் உஸ்மானியப் படையில் சேர்ந்து பாஷா ஆனார் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

கெடிவின் படையில் எகிப்தியரும் சூடானியருமாக ஆயிரத்து எழுநூறு பேர் வரை இருந்தனர். அவர்களிலிருந்து நாற்பத்தெட்டுப் பேரைத் தெரிந்தெடுத்துத் தம் மெய்க்காவலராக்கிய பேக்கர், அவர்களுக்கு நாற்பது திருடர் என்று வேடிக்கைப் பெயரிட்டார். அவர்களின் கையில் ஸ்னைடர் துவக்குகள். ஸ்னைடரின் குண்டு தூய மெல்லிய ஈயம். அதன் முனை குடையப்பட்டு மரத் துண்டால் அடைக்கப்பட்டிருக்கும். உடலில் பட்டால் விரிந்து பெருங்காயம் செய்யும். 1872 ஜூனில் மசிந்தியில், புன்யோரோவின் இளம் மன்னர் கபரேகாவின் ஆட்கள் ஈட்டிகளுடன் எதிர்த்தபோது, அந்த ரவைகள் மனிதர்மீது பாய்ந்தன. ஊர் எரிந்தது. பின்னர் உயர்ந்த புல்லினூடே நாட்கணக்கில் பின்வாங்கிய பேக்கரின் படையும் ஆட்களை இழந்தது. அடிமை வணிகரை அவர் எதிர்த்தது உண்மை. பலரை விடுவித்ததும் உண்மை. ஆனால் புன்யோரோ மக்கள் அவரை விடுதலை தந்தவராக நினைவில் வைத்திருக்கவில்லை. 1873 இல் அவர் நாடு திரும்பினார். அவருடைய இடத்துக்குக் கோர்டன் வந்தார்.

முதுமையில் டெவன்ஷயரில் வீடு வாங்கித் தங்கியபோதும், சைப்பிரஸ், இந்தியா, ஜப்பான், அமெரிக்கா என வேட்டைப் பயணம் நிற்கவில்லை. அக்காலத்தில் இலேசான குண்டை மிகுந்த வேகத்தில் செலுத்தும் எக்ஸ்பிரஸ் துவக்குகள் நாகரிகமாகியிருந்தன. அப்பெயரைத் தந்தவர் லண்டனின் பேர்டி; கடுகதிப் புகையிரதத்தை ஒப்பிட்டு 1850 களில் இட்ட பெயர் அது. அவற்றின் குண்டு முனையில் குடைவு இருக்கும். பேக்கர் அதனைக் கடுமையாக எதிர்த்தார். குடைந்த குண்டு மானைக் கொல்லும். புலியின் தோளில் பட்டால் மேலேயே சிதறி, விலங்கு காயத்துடன் பாய்ந்து வேட்டைக்காரனைக் கொல்லும். குடையாத தூய ஈயக் குண்டோ காளான்போல் விரிந்து, உடலை ஊடறுத்து, மறுபக்கத் தோலுக்கடியில் முழுதாய் நிற்கும். புலிகளின் உடலிலிருந்து எடுத்த அத்தகைய குண்டுகளைச் சான்றாகக் காட்டி, 1890 இல் வெளியான தமது வனவிலங்கு நூலில் இதனை விரிவாக எழுதினார்.

அவருடைய துவக்கைச் செய்த கிப்ஸ், 1860 களில் வில்லியம் மெற்போர்ட் என்ற பொறியியலாளருடன் சேர்ந்து, ஆழமற்ற தவாளிப்பும் கடின ஈயக் குண்டும் கொண்ட துவக்குகளைச் செய்தார். மெற்போர்ட்டின் தவாளிப்பே 1888 இல் பிரித்தானியப் படைக்கு வந்த லீ மெற்போர்ட் துவக்கில் இடம்பெற்றது. அதன் குழாய் அளவு முந்நூற்று மூன்று. அந்த ரவை மனிதரை நிறுத்தப் போதவில்லை என்று எல்லைப்புறப் படையினர் முறையிட, கல்கத்தாவுக்கு அருகே டம்டம் ஆயுதசாலையில் கப்டன் பேர்ட்டி கிளே 1890 களில் அதன் முனை உறையைத் திறந்து, ஈயம் விரியுமாறு செய்தார். எக்ஸ்பிரஸ் துவக்கின் வேட்டைக் குண்டு விலங்குக்குச் செய்ததை, டம்டம் மனிதனுக்குச் செய்தது. 1899 இல் ஹேக் மாநாடு அதனைப் போரில் தடை செய்தது.

அதற்கு முன்பே, 1868 இல், சென் பீற்றர்ஸ்பேர்க்கில் கூடிய அரசுகள், நானூறு கிராமுக்குக் குறைந்த வெடிக்கும் குண்டை மனிதர்மீது பயன்படுத்துவதில்லை என உடன்பட்டிருந்தன. ஆபிரிக்க யானைமீது பேக்கர் சுட்ட குழந்தையின் குண்டு அந்த எல்லைக்குள் அடங்குவது. யானைக்கு எந்த மாநாடும் கூடவில்லை. இலங்கையில் யானை முதலிய வேட்டை விலங்குகளை வரைமுறையின்றிக் கொல்வதைத் தடுக்கும் சட்டம் 1891 இல் வந்தது. பேக்கர் அப்போது உயிருடன் இருந்தார்.

1893 டிசம்பர் 30 ஆம் திகதி அவர் காலமானார். அக்காலத்து ஆங்கிலேயருக்குப் புதுமையாகத் தோன்றிய முறையில் உடல் தகனம் செய்யப்பட்டு, அஸ்தி வூஸ்ரர் அருகேயுள்ள கிறிம்லி கிராமத்துத் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. புளோரன்ஸ் 1916 வரை வாழ்ந்தார். ஹோர்ட்டன் சமவெளியில் பேக்கரின் பெயரால் அருவி விழுகிறது. அவர் அங்கே தடம் கண்டு பின்தொடர்ந்த யானைகள் இப்போது அந்த மலையில் இல்லை.